ராக்காயி வீட்டுச் சோறு

1

ஹோல்ம் ஐயா போன வியாழக்கிழமை இந்தியாவிலிருந்து திரும்பினார். டெல்லியோடு நில்லாமல் எங்கள் ஊருக்கே போய்வந்துவிட்டார். வந்து என்ன சொல்லப்போகிறாரோ என்று இரண்டு மாதமாக நான் பட்ட பாட்டை எழுதலாம் என்றுதான் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன், ஒரு நாளைக்கு ஒரு பக்கம் ஆகும். அவசரம் ஒன்றும் இல்லை. இந்த நார்வே தேசத்தில் பங்குனி வரைக்கும் வெளியே பனிதான். நாலாம் மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவளுக்கு நேரத்துக்கா பஞ்சம்? எழுத்தில் பிழை இருந்தால் அச்சுப்போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்தவேண்டாம்.

என் பெயர் வெள்ளையம்மாள். நார்த்தாமலைக்குக் கிழக்கே கண்மாய்க்கரை ஊர் ஒன்று, அங்கே வாழ்க்கைப்பட்டவள். ஊர்ப்பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், பிள்ளை இல்லை. ஆறு வருஷமாக இங்கே என் தம்பி சுப்பையா வீட்டில் இருக்கிறேன். எனக்குக் கல்யாணமாகி நாலாம் வருஷம் பிறந்த கடைக்குட்டி அவன். ஆத்தா கண்ணை மூடியபின் என் வீட்டில், என் கையால் சோறு தின்று வளர்ந்தவன்.

அவன் படித்த படிப்பு விசித்திரமானது. சண்டை எப்படி மூளுகிறது, எப்படி ஓய்கிறது என்று ஆராய்கிற படிப்பு. அதற்கென்றே இங்கே ஒரு கழகம் வைத்திருக்கிறார்கள். நான் கப்பலேறப் புறப்பட்டபோது எங்கள் நாத்தனார் மகன் கேட்டான்.

"சண்டையப் படிக்கவா அத்தை சீமைக்குப் போகணும்? நம்ம மடைக்கிட்ட ஒரு வாரம் நின்னா ஒங்க தம்பி ரெண்டு பட்டம் வாங்கிருப்பாரே."

"போடா, அவன் முடிச்சுவைக்கப் படிக்கிறான். நீங்கல்லாம் மூட்டிவிடப் படிச்சவுங்க" என்றேன்.

வந்த புதிதில் தம்பி என்னைக் கழகத்துக்குக் கூட்டிப்போனான். கெட்டி அட்டைகளை இழுப்பறை இழுப்பறையாக அடுக்கியிருந்தார்கள். ஒரு சண்டைக்கு ஓர் அட்டை. எந்த நாடு, எத்தனை நாள், எத்தனை உயிர், எப்படி முடிந்தது, எல்லாவற்றுக்கும் சின்னச் சின்ன ஓட்டை போட்டிருந்தது. தேசத்துக்குத் தேசம் நடந்த யுத்தங்களுக்கு நடுவில் ஓர் அட்டையை உருவி, "இது நம்ம ஊரு" என்று காட்டினான். கடைசிப் பக்கமாக இருந்த ஓட்டையில் விரலை வைத்து, "இது நீக்கா" என்றான்.

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவன் அதைப் பெருமை என்று நினைத்துக்கொண்டான்.

ஹோல்ம் ஐயாதான் அங்கே மூத்தவர். தம்பிக்குப் பேராசிரியர் பதவி கொடுக்கலாமா கூடாதா என்று சொல்லவேண்டியவரும் அவர்தான். நல்ல மனிதர், என்னைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றுவார். ஆனால் தம்பி எழுதிய ஆராய்ச்சியை நம்பமாட்டார். "ஒரே ஊர், ஒரே சாட்சி, அதுவும் சொந்த அக்கா. இதை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாமா?" என்பது அவருடைய கேள்வி. டெல்லியில் ஒரு கூட்டம் வரவும், நானே நேரில் போய்ப் பார்த்துவிடுகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

2

ஹோல்ம் ஐயா என்ன சொல்கிறாரோ அதில் தம்பியின் வேலை மட்டும் இல்லை, என் இருப்பும் மாட்டிக்கொண்டிருந்தது. எப்படி என்று சொல்கிறேன்.

இங்கே வெளித்தேசத்தார் வருஷத்துக்கு ஒருமுறை போலீஸ் ஆபீஸில் போய்க் காகிதம் புதுப்பிக்கவேண்டும். முதல் வருஷம் தம்பி எனக்காக மனு எழுதியபோது, 'அக்கா, என்னைச் சார்ந்தவர்' என்றுதான் எழுதினான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்புறம் இருந்த பெண்பிள்ளை ஒரு பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு விரலால் இறங்கினாள். பெண்டாட்டி உண்டு, பிள்ளை உண்டு, தாய் தகப்பன் உண்டு. அக்கா இல்லை.

"வளர்த்தவங்கன்னு சொல்லேன்டா" என்றேன்.

"சொல்லிட்டேன்க்கா. தத்து எடுத்த பத்திரம் இருக்கான்னு கேக்குறா."

"தம்பிய யாருடா தத்து எடுப்பா? இவளுக்குக் கூடப்பெறந்தவுங்க இல்லையா?"

"இருப்பாங்க. பட்டியல்ல இல்ல."

பிறந்த தேதியும் அப்படித்தான். கம்பு அறுப்பு சமயம் என்று ஆத்தா சொல்லிக் கேள்வி, அதை எழுத இடம் இல்லை. தம்பி ஜனவரி ஒன்று என்று எழுதிவிட்டான். வருஷா வருஷம் அன்றைக்கு இங்கிரி (தம்பி பெண்டாட்டி, இந்த ஊர்க்காரி, நல்ல பிள்ளை) கேக் செய்து மெழுகுவத்தி ஏற்றுகிறாள். நானும் ஊதி அணைக்கிறேன்.

அக்காவுக்குக் கட்டம் இல்லாததால் தம்பி வேறு வழி பார்த்தான். ஆராய்ச்சிக்குத் தகவல் சொல்கிறவர், அவர் இங்கே இருப்பது அவசியம் என்று கழகத்தில் எழுதி வாங்கிக் கொடுத்தான். உடனே முத்திரை விழுந்தது. அன்றிலிருந்து சட்டப்படி நான் அவனுக்கு அக்கா இல்லை, அவனுடைய சாட்சி. பங்குனிக்குப் பங்குனி அந்தக் கடிதம்தான் என்னை இங்கே வைத்திருக்கிறது.

ஊருக்குத் திரும்பிவிடலாமே என்று கேட்பீர்கள். "தம்பி என்னையச் சீமைக்குக் கூப்பிடுறான்" என்று தெருத்தெருவாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டவள் நான். திரும்பிப் போனால், "வெள்ளக்காரி தொரத்திட்டாளாக்கும்" என்பார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அங்கே ராக்காயி இருக்கிறாள்.

3

எங்கள் ஊர்க் கண்மாயில் முறைத் தண்ணீர். மேலத்தெருவுக்கு ஒரு நாள், கீழத்தெருவுக்கு ஒரு நாள். இரண்டு தெருவும் மாமன் மச்சான் உறவுதான். ஒரு வருஷம் மழை குறைந்து, மடையில் முறை மாறிப்போயிற்று என்று வாய்த்தகராறு வந்தது. ராக்காயி புருஷன் மாணிக்கம் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து என் வீட்டுக்காரரை அடித்தார். வலது கை முழங்கைக்குக் கீழே இரண்டாக முறிந்து, கோணலாகக் கூடியது. அதற்குப் பிறகு அந்தக் கையால் அவர் ஒரு கவளம்கூட எடுத்துச் சாப்பிட்டதில்லை. இடது கையால் சாப்பிட அவருக்கு மனம் ஒப்பவில்லை. மூன்று வேளையும் நான்தான் பிசைந்து ஊட்டுவேன்.

மூன்று வருஷம் தெருவுக்குத் தெரு பேச்சு இல்லை, நெருப்பு வாங்குவது இல்லை, சாவுக்குப் போவதும் இல்லை. கோர்ட்டில் கேஸ் நடந்தது. அதற்குள் ராஜாவுடைய சமஸ்தானம் போய் எங்களைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்துவிட்டார்கள். கேஸ் இனி எந்தக் கோர்ட்டில் நடக்கும் என்று வக்கீலுக்கே சொல்லத் தெரியவில்லை. இனிமேல் நாமே பேசி முடித்துக்கொள்வோம் என்று பெரியவர்கள் இறங்கிவந்தார்கள்.

எங்கள் பக்கம் ராசியாவதற்கு ஒரு முறை உண்டு. ஆண்பிள்ளைகள் ஆயிரம் பேசினாலும் அது கணக்கில் வராது. அடிபட்ட வீட்டுப் பெண்பிள்ளை, அடித்தவன் வீட்டில் போய் உட்கார்ந்து, அந்த வீட்டுக்காரி கையால் போட்ட சோற்றைச் சாப்பிடவேண்டும். அந்த வீட்டுக்காரியே குனிந்து அந்த இலையை எடுக்கவேண்டும். எடுத்ததும் குலவை போடுவார்கள். குலவைச் சத்தம் கேட்டால் ஊருக்குச் சண்டை முடிந்தது.

நான் போனேன். கூட்டிப்போனார்கள் என்றுதான் சொல்லவேண்டும். ராக்காயி வீட்டுப் பட்டாசாலைக் கூடத்தில், சுவர் ஓரமாக, வரிசையின் முதலில் எனக்கு இலை. எனக்கு அடுத்து எங்கள் சின்னாத்தா. அவருக்குக் கண் மங்கல். வெளியே பந்தலில் ஆண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்த சுப்பையாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான்.

ராக்காயி சோறு வைத்தாள். கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றினாள். "சாப்பிடுங்கக்கா" என்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

நானும் பிசைந்தேன். காலையில்தான் அவருக்கு இதே கையால் ஊட்டிவிட்டு வந்திருந்தேன். வாயைத் திறந்துகொண்டு, பிள்ளை மாதிரி, என் முகத்தையே பார்த்திருந்த மனிதர். அதை நினைத்துக்கொண்டு இந்தச் சோற்றை எப்படி விழுங்குவது? கையை வாய்வரைக்கும் கொண்டுபோனேன், இறக்கினேன். இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்தேன். ரசம் வருவதற்குள் சோற்றை நடுவில் கூட்டி இலையை மடித்துவிட்டேன். மடித்த இலையை எங்கள் ஊரில் யாரும் பிரித்துப் பார்க்கமாட்டார்கள், சாப்பிட்டாயா என்று கேட்கவும் மாட்டார்கள். கேட்டால் வீட்டுக்காரிக்கு அவமானம்.

ராக்காயி வந்து குனிந்து இலையை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே ஒரு நொடி நின்றாள். கனம் கைக்குத் தெரியாமல் இருக்குமா? என்னைப் பார்த்தாள். நானும் கண்ணை இறக்கவில்லை. என்ன செய்வாயோ செய்துகொள் என்றுதான் பார்த்தேன்.

அவள் கொல்லைப்பக்கம் போனாள். "எங்கக்கா சாப்பிட்டு எந்திரிச்சிட்டாங்க" என்று அங்கிருந்து சத்தம் கொடுத்தாள். குலவை எழும்பியது. பந்தலில் ஆண்கள் எழுந்து ஒருவரையொருவர் கும்பிட்டார்கள். அன்று சாயங்காலமே மடை முறைப்படி திறந்தது. அதற்குப் பிறகு அந்த மடையில் ஒரு கைகலப்பு இல்லை. இரண்டு தெருவுக்கும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தாயிற்று.

பந்தலில் இருந்து அந்தக் குலவையைக் கேட்டவன்தான், பின்னால் சீமைக்கு வந்து அதை ஒரு புத்தகமாக எழுதினான். கோர்ட் முடிக்காததை, ஆண்கள் முடிக்காததை, நோகடிக்கப்பட்ட வீட்டுப் பெண் ஒருத்தி ஒரு வாய்ச் சோறு சாப்பிட்டு முடித்தாள் என்று. அதைப் படித்துவிட்டுத்தான் இந்தக் கழகத்தார் அவனைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள்.

4

இங்கே ஒரு வழக்கம். சாப்பிட்டு எழும்போது, சமைத்தவளைப் பார்த்து, "தாக் ஃபொர் மாத்தன்" என்று சொல்லியே ஆகவேண்டும். சோற்றுக்கு நன்றி என்று அர்த்தமாம். வந்த புதிதில் நான் உட்காரும்போதே சொல்லிவிடுவேன், எல்லோரும் சிரிப்பார்கள். சாப்பிடாமலே நன்றி சொல்கிறவள் என்று தம்பி கேலி செய்வான். அவன் சிரிக்கிற ஒவ்வொரு தடவையும், தெரிந்துதான் சொல்கிறானோ என்று அவன் முகத்தைப் பார்ப்பேன்.

மாதத்துக்கு ஒருமுறை படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் வீட்டுக்கு வருவார்கள். சேலை கட்டிய என்னைச் சோபாவில் நடுவே உட்காரவைத்து, "அக்கா, அன்னைக்கு நடந்ததச் சொல்லு" என்பான் தம்பி. நான் சொல்லச் சொல்ல அவன் அவர்கள் பாஷையில் சொல்லுவான். "சாப்பிட்டேன்" என்ற இடம் வந்ததும் பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொள்வார்கள். பொய் ஒரு தடவைதான் கஷ்டம் என்பார்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும்தான். அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வேன். அதைப் பார்த்து அந்தப் பிள்ளைகள் உருகினார்கள்.

தம்பி மகள் லீலாவுக்கு ஒன்பது வயசு. என்னை "அத்தெ" என்பாள். அதற்கு மேல் தமிழ் ஓடாது. ஒருநாள் கீழ்வீட்டுப் பிள்ளையோடு சண்டை போட்டு அழுதுகொண்டு வந்தாள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் இருவரும் பனியில் கட்டிப் புரளுகிறார்கள்.

"அதுக்குள்ள ராசியாயிட்டீங்களா? அவ வீட்ல சாப்பிட்டியாடி?" என்று கேட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. தம்பி எடுத்துச்சொன்னான். அவள் ஏதோ சொல்லிவிட்டு ஓடினாள்.

"என்னடா சொல்றா?"

"'ஸாரின்னு சொன்னேன், அம்புட்டுத்தான்'ங்கிறா. அத்தை எல்லாத்துக்கும் சாப்பாட்டையே கேக்குதாம்."

ஒரு சொல்லில் முடிந்துவிடுகிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தப் பிள்ளை இன்னும் நாலு வருஷத்தில் என்னோடு உட்கார்ந்து பேச ஒரு சொல்லும் இல்லாமல் வளர்ந்துவிடும். எனக்கு இந்த வீட்டில் மிஞ்சியிருக்கிற பேச்செல்லாம் அந்த ஒரு கதைதான், அதுவும் பொய்.

5

வியாழக்கிழமை மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. ஹோல்ம் ஐயா வந்து, பூட்ஸைக் கழற்றி, காலுறையோடு உட்கார்ந்தார். முகமெல்லாம் வெயில் பட்டுத் தோல் உரிந்திருந்தது. ராக்காயியை நேரிலேயே பார்த்துக் கேட்டுவிட்டாராம். மொழிபெயர்க்கக் கூடப்போன திருச்சி காலேஜ் வாத்தியார், அவள் சொன்னதைத் தமிழிலும் அப்படியே எழுதிக்கொடுத்திருந்தார். அந்தத் தாளை ஹோல்ம் ஐயா தம்பியிடம் நீட்டினார்.

அவரைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடிந்தது என்று நினைத்தேன். தம்பி வேலை, என் காகிதம், எல்லாம்.

சுப்பையா சத்தமாக வாசித்தான்.

"'சாப்பிட்டாங்களாவா? இது என்ன கேள்வி? எங்கக்கா ரசத்துக்கு மறுசோறு வாங்குனாங்க. போட்டது நானு. எலைய எடுத்ததும் நானு. ஒரு பருக்கை இல்லாம வழிச்சுச் சாப்பிட்டிருந்தாங்க. இதக் கேக்கவா இந்த வெள்ளக்காரரு இம்புட்டுத் தூரம் வந்தாரு? பாவம், செவந்துபோயிருக்காரு. மோரு குடுங்கடி. அக்கா நல்லா இருக்காங்களா? அங்கிட்டுக் குளிராமே, காலு வலிக்குதாமா?'"

ஹோல்ம் ஐயா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தன் சந்தேகத்துக்காக மன்னிப்புக் கேட்டாராம். இங்கிரி தம்பியைக் கட்டிக்கொண்டாள்.

எனக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். கோபம்தான் வந்தது. ரசம் வருவதற்கு முன்பே எழுந்தவள் நான் என்று அவளுக்கல்லவா தெரியும்! பத்தொன்பது வருஷம் நான் அவளை ஜெயித்துவிட்டதாக நினைத்திருந்தேன். அவள் வீட்டில் உட்கார்ந்து, அவள் கண்ணைப் பார்த்து, அவள் சோற்றைத் தள்ளியவள் என்று. அன்றைக்கு அவள் அந்த இலையைப் பிரித்துக் காட்டியிருந்தால் அந்தப் பந்தலிலேயே இரண்டு தலை உருண்டிருக்கும். அவமானத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, சாப்பிட்டாங்க என்று சொன்னவள் அவள். இன்றைக்கு மறுசோறு என்றும் சொல்லிவிட்டாள்.

இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. எழுதியாயிற்று.

6

மறுநாள் காலையில் இங்கிரியும் லீலாவும் வெளியே போனபின், தம்பிக்குக் காப்பி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"சுப்பையா, நான் அன்னைக்கு ராக்காயி வீட்ல சாப்பிடல."

சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். காப்பி ஆறிப்போயிற்று.

"அப்ப ராக்காயி அக்கா சொன்னது?"

"பொய்யி."

"ஏன்க்கா இதை இப்பச் சொல்ற? அவுங்க சொன்னதோட முடிஞ்சுபோச்சே."

"அவ சொன்னதுனாலதான் சொல்றேன்."

எழுந்து ஜன்னலுக்கும் அடுப்படிக்கும் நடந்தான். ஆராய்ச்சிக்காரன் இல்லையா, கடைசியில் அதைத்தான் கேட்டான்.

"நீ சாப்பிடலைன்னா, சண்டை எப்படித்தான் முடிஞ்சுச்சு?"

"ஊருக்கு முடிஞ்சுச்சு. எப்படின்னு அவளப் போய்க் கேளு. எனக்கு முடியல."

அவன் நாற்காலியை இழுத்து மறுபடி எதிரே உட்கார்ந்தான். பிறகு தாழ்ந்த குரலில், "அக்கா, அடுத்த மாசம் நியமனம். அது வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத. ஒன் காயிதமும் இதுலதான் இருக்கு. சாட்சி பொய்யின்னா கழகத்துல கடுதாசி தரமாட்டாங்க" என்றான்.

"ஆக, நான் திங்காத சோறுதான் என்னைய இந்த நாலாம் மாடியில கட்டிப்போட்டிருக்கு."

"அப்படிச் சொல்லாதக்கா."

"வேற எப்படிச் சொல்ல? நான் ஒரு எலைய மடிச்சேன். அதை இன்னமும் மடிச்சே வையின்னு நீ சொல்ற. சமாதானம் படிச்சவன்டா நீ."

சுருக்கென்று தைத்திருக்கும். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. இங்கிரி கேட்டதற்குத் தலைவலி என்றான். மூன்றாம் நாள் நான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் இதை அனுப்பப்போகிற மாதப் பத்திரிகை ஊருக்கும் வரும், யாராவது ராக்காயிக்குப் படித்துச் சொல்வார்கள். அவளுக்கு எழுத்து தெரியாது. சொல்கிறவர்கள் நான் எழுதியதை விடாமல் சொல்லட்டும்.

தம்பிக்குத் தெரியாமல் அனுப்ப எனக்கு இஷ்டமில்லை. நேற்று மத்தியானம் அவனை உட்காரவைத்து, இதுவரை எழுதியதை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினேன். முடிந்தபிறகு அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எப்ப அனுப்பப்போற?"

"நாளைக்கு."

"ஒரு நாள் பொறு. நாளைக்கு நான் ஹோல்ம்கிட்டச் சொல்லிடுறேன். அவருக்கு இது ஊர்வழியா வந்து சேரக்கூடாது."

"ஒன் வேலை?"

"தெரியலக்கா."

"என் காயிதம்?"

"அதுவும் தெரியல. அக்கான்னே எழுதிப் பாக்குறேன்."

கீழே டிராம் போனது. அவன் தாள்களை ஒன்றாகத் தட்டி அடுக்கி என் பக்கம் நகர்த்தினான்.

"கொழம்பு நல்லா இருந்துச்சுக்கா, அன்னைக்கு" என்றான்.

பந்தலில் உட்கார்ந்து சாப்பிட்டவன் அவன். பத்தொன்பது வருஷமாக இதை நான் யாரிடமும் கேட்க முடிந்ததில்லை. சாப்பிட்டவள் எப்படிக் கேட்பாள்?

"உப்பு?" என்றேன்.

"சரியா இருந்துச்சு."